குசினி மேடைக்கு அபூர்வக் கல் எடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கோ

கோண்டாவிலில் இருந்து:

கனடாவில் இருக்கிற தம்பி ஒரு படம் அனுப்பி, இந்தக் கல்தான் குசினிக்குப் போடவேணும் என்று நின்றான். பால் நிறம், உள்ளே மெல்லிய தேன் நிற ஓட்டம். பெயர் தாஜ்மஹால். ஆக்ராவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது பிரேசிலில் வெட்டுகிற குவார்ட்சைட். மணற்கல் பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகி உருவான கல் என்பதால் கிறனைட் அளவுக்கு உறுதி. குவார்ட்ஸ் என்று விற்கிற, பிசின் கலந்து செய்த பலகை வேறு சாமான். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

கடையில் அதே நிறத்தில் ஒரு பலகை நின்றது. பெயரும் அதையேதான் சொன்னார்கள். நான் வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்று கேட்டேன். கொஞ்சம் முகம் சுளித்துத்தான் தந்தார்கள். வீட்டில் அதன் மேல் தேசிக்காயைப் புழிந்து இரவு முழுக்க விட்டேன். விடியக் கழுவிப் பார்த்தால், சாறு நின்ற இடத்தில் மட்டும் மினுக்கம் போய் மங்கலாக ஒரு வட்டம். பிறகு துண்டின் மெருகிடாத விளிம்பால் வெறும் கண்ணாடிப் போத்தலைக் கீறினேன். கீறல் விழவில்லை. கடினமான கல்தான் மெதுவானதைக் கீறும். அதை அளக்கிற மோஸ் அளவில் உண்மையான குவார்ட்சைட்டின் கடினம் 7, கண்ணாடி ஏறக்குறைய 5.5, மாபிள் 3 அளவில்தான் நிற்கும். ஆகவே கையில் இருந்தது மாபிள் இனம்.

ஐந்து நிமிடம் சாறு விட்டுத் துடைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. வெள்ளை மாபிள்களில் சில டொலமைட் வகை. புளிப்பு பட்டால் மெதுவாகத்தான் அரிக்கும், அவசரப்பட்டுப் பார்த்தால் தப்பிவிடும். விற்கிறவர் ஏமாற்றினார் என்றும் நான் சொல்லவில்லை, அவருக்கு வந்த பட்டியலிலேயே அந்தப் பெயர் இருந்திருக்கலாம். ஆனால் பழப்புளி, தேசிக்காய், மஞ்சள் இல்லாமல் எங்கள் வீட்டில் எந்த நாள் சமைத்தோம்? மாபிளைச் சாமியறைக்குப் போடலாம், குசினிக்கு வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

கரவெட்டியில் இருந்து:

அக்கா சொன்னது சரி. நாங்கள் போட்டது பிளாக் கலக்சி, ஆந்திராவில் சீமகுர்த்திப் பக்கம் எடுக்கிற கறுப்பு. உள்ளே பொன் துகள் தூவினது போல் மின்னும். தேசிக்காயோ புளியோ அதை ஒன்றும் செய்யாது. தொல்லை எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணக்கல் நிலம், தண்ணீரிலும் அதுதான் கரைந்து வருகிறது. குழாயடியில் துளி காய்ந்தால் வெள்ளைத் திட்டு. கறுப்பில் அது தூரத்திலேயே தெரியும். தேசிக்காயால் தேய்த்தால் எங்கள் கல்லில் போய்விடுகிறது. மாபிள் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். அந்தத் திட்டும் மாபிளும் ஒரே கல்சியம் காபனேற்றுத்தான், திட்டோடு சேர்த்து மேடையும் போய்விடும்.

இன்னொன்று. மலிவாகக் கிடைக்கிற சில கறுப்புப் பலகைகளில் சாயம் ஏற்றியிருப்பார்கள். வெள்ளைத் துணியில் அசிற்றோன் (நகப்பூச்சு அழிக்கிற திரவம்) நனைத்துத் துடைத்துப் பாருங்கள். நான் முதலில் பார்த்த கடையில் துணி கறுத்துப்போனது.

சுண்டுக்குளியில் இருந்து:

எனக்கு விருப்பம் மடகஸ்கார் நீலம், லெமூரியன் என்று விற்பார்கள். லாப்ரடோரைட் நிறைந்த கல். நேரே பார்த்தால் கறுப்பு மாதிரி, கொஞ்சம் சரிந்து பார்த்தால் மயில் கழுத்து. கடை விளக்கில் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பலகையை வெளியே வெயிலில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கையளவு மாதிரித் துண்டை வைத்தும் எடுக்கக்கூடாது, இந்த வகையில் ஒரு பலகையின் ஒரு மூலை போல மற்ற மூலை இருக்காது. முழுப் பலகையையும் படம் எடுத்து, பின்பக்கம் உங்கள் அடையாளம் போட்டுவிட்டு வாருங்கள். எங்களுக்கு முதலில் ஏற்ற வந்தது வேறு பலகை. படத்தைக் காட்டிய பிறகுதான் மாற்றினார்கள்.

கொழும்பில் இருந்து லொறியில் வந்தால் நிறுத்தித்தான் கட்ட வேண்டும். படுக்கப் போட்டால் வழியில் ஒரு குலுக்கு போதும். இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பே ஒரு சதுர மீற்றருக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் வரும், இறக்க ஆட்களை முதலே சொல்லி வையுங்கள். சிங் (பாத்திரம் கழுவுகிற தொட்டி) வைக்க வெட்டுகிற இடம்தான் கல்லுக்குப் பலவீனம். அந்த ஓட்டையின் முன்பக்கப் பட்டை ஒடுங்கலாகப் போனால் கீழே தாங்கு கட்டை கேளுங்கள். எங்கள் மேசன் தானாகவே வைத்தார், நல்ல மனிசன்.

கரவெட்டியில் இருந்து:

கடைசியில் என்னதான் போட்டீர்கள், கோண்டாவில் அக்கா?

கோண்டாவிலில் இருந்து:

வேறு கடையில் உண்மையான குவார்ட்சைட் கிடைத்தது, தேசிக்காயும் போத்தலும் இரண்டும் பாஸ். விலையைத் தம்பிக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, யன்னல் பக்கம் மட்டும் அதைப் போடுவம் அக்கா, மிச்சத்துக்குச் சாதாரண கிறனைட் காணும் என்றான். அப்படியே போட்டாயிற்று. அடுப்படி கிறனைட், மாக்குழைக்கிற பக்கம் தாஜ்மஹால்.