மறுமொழி: போருக்குப் பிந்தைய வன்குற்றத்துக்கு ஒரு சொல்

வணக்கம். போர் முடிந்த நாட்டில் பெருகும் வன்குற்றத்துக்கு நம் கலைச்சொல் தொகுப்பில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த கேள்வி இது:

> 'பின்போர்க் குற்றம்' சுருக்கமாக இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. 2009க்குப் பிறகு தமிழ் படிக்கும் யாருக்கும் அதில் 'போர்க்குற்றம்'தான் முதலில் கண்ணில் படும். நாம் பேசுவது ஒப்பந்தம் கையெழுத்தாகி, படைகள் கலைந்த பின் தெருவில் நடக்கும் கொலை, கொள்ளை, ஆள்கடத்தல் பற்றி. 'போரோய்வு வன்குற்றம்' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். போர் ஓய்ந்தது என்று பேச்சிலும் சொல்கிறோம். போர்நிறுத்தத்தோடு குழப்பமும் வராது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் நமக்கு இது தொலைதூரத்துச் சங்கதி இல்லை. பக்கத்து நாடான மொசாம்பிக்கில் 1977இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1992இல் ரோம் உடன்படிக்கையோடு முடிந்தது. ஐ.நா. படையினர் ஆயுதங்களைச் சேகரித்தார்கள். ஆனால் காட்டிலும் மண்ணுக்கடியிலும் பதுக்கியவை ஏராளம். அவற்றில் பல எல்லை தாண்டி இங்குள்ள கொள்ளையர் கைக்கு வந்து சேர்ந்தன. 1995 முதல் இரு நாட்டுப் போலீசாரும் சேர்ந்து 'ஆபரேஷன் ரேச்சல்' என்ற பெயரில் அந்தப் பதுக்கல்களைத் தேடி அழிக்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் போர் ஓய, வேறிடத்தில் துப்பாக்கி வெடிக்கிறது. விளக்கக் குறிப்பில் இதையும் சேர்க்க வேண்டும்.

அப்புறம், காவலும் நீதியும் சரிவர நடத்த முடியாத அரசைக் குறிக்க 'பலவீன அரசு' என்ற சொல். அதுவே போதும் என்கிறார் தம்பி. எனக்கு உடன்பாடில்லை. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்நாட்டுப் போரை முடித்த 1992 உடன்படிக்கைப்படி பழைய காவல் படைகளைக் கலைத்தார்கள். புதிய காவல்துறை வேரூன்றுவதற்குள், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்களோடு வந்த கும்பல்கள் தெருக்களைப் பிடித்துக்கொண்டன. 2015இல் லட்சம் பேருக்கு நூறுக்கும் மேல் கொலைகள். 2022இல் அவசரநிலை வந்தது, கொலைகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் பல்லாயிரம் பேர் தீர்ப்பே இல்லாமல் சிறையில் கிடக்கிறார்கள். அந்த அரசு இப்போது பலமானதா, பலவீனமானதா? போலீசின் கை ஓங்கிவிட்டது, நீதிமன்றம் இன்னும் மெலிந்துவிட்டது. ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்தால், படையைப் பெருக்கினால் எல்லாம் சரியாகும் என்று வாசகர் நினைத்துவிடுவார். அந்த நினைப்புக்கு மக்கள் கொடுக்கும் விலை பெரியது.

அதனால் 'நலிந்த அரசு' தலைச்சொல்லாகவும், 'காவல் நலிவு', 'நீதி நலிவு' கிளைச்சொற்களாகவும் இருக்கட்டும். 'தோல்வியுற்ற அரசு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

'நலிவு' தமிழ்நாட்டில் வறுமையைத்தான் நினைவூட்டும் என்று யாருக்காவது தோன்றினால் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள்.