கிரிப்டோ மோசடியில் பணத்தை இழந்துவிட்டேன். இப்போது எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன் டெலிகிராமில் அறிமுகமான ஒருவர் ஒரு வர்த்தகச் செயலியைக் காட்டி, அதில் முதலீடு செய்யும்படி கூறினார். முதலில் போட்ட சிறு தொகையை லாபத்துடன் எடுக்க முடிந்ததால் நம்பிக்கை ஏற்பட்டது. அதன்பின் ஒரு எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் தளம்), டாலர் மதிப்பைப் பின்பற்றும் யுஎஸ்டிடி என்ற நாணயத்தை வாங்கி, அவர் கொடுத்த முகவரிக்கு ஐந்து தவணைகளாக அனுப்பினேன். அவர் சொன்ன ஒரு தளத்தில் என் வாலட்டையும் (நாணயங்களைக் கையாளும் செயலி) ஒருமுறை இணைத்தேன். செயலியில் என் இருப்பு, போட்டதைப்போல் மூன்று மடங்காகத் தெரிகிறது. ஆனால் எடுக்க முயன்றால், லாபத்துக்கான வரியை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்கிறார்கள். ஏமாற்றப்பட்டிருக்கிறேன் என்பது நேற்றிரவுதான் உறைத்தது. இதற்கிடையே, பணத்தை மீட்டுத் தருவதாக வேறொருவர் தாமாகவே செய்தி அனுப்பியிருக்கிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. முதலில் எதைச் செய்ய வேண்டும்?

மறுமொழி 1

அந்த வரியைத் தயவுசெய்து கட்டாதீர்கள். செயலியில் தெரியும் மூன்று மடங்கு, அவர்களுடைய கணினியில் அவர்களே எழுதி வைத்த எண் மட்டுமே. அதற்குப் பின்னால் நாணயம் எதுவும் இல்லை. வரி கட்டினால் அடுத்து சரிபார்ப்புக் கட்டணம் என்பார்கள், அதற்கடுத்து இன்னொன்று வரும்.

அவரிடம் கோபத்தைக் காட்டுவதற்கு முன் உரையாடலைச் சேமித்துவிடுங்கள். டெலிகிராமில் ஒருவர் நினைத்தால் இருவர் பக்கத்திலும் உரையாடலை அழித்துவிட முடியும் என்பதால், நீங்கள் சந்தேகப்படுவது தெரிந்த நிமிடமே எல்லாம் மறைந்துபோகலாம். கணினிச் செயலியில் உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. பயனர் பெயரை அவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வார். கணக்கின் எண் ஐடி மாறாது, ஆகவே அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து தவணைகளுக்கும் உரிய பரிவர்த்தனை ஐடி, பெற்ற முகவரி, தேதி, நேரம், தொகை ஆகியவற்றை நகலெடுத்து ஒரே கோப்பில் ஒட்டுங்கள். கையால் எழுத வேண்டாம். எனக்கு இதே நிலை வந்தபோது நான் ஐடிகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனேன். 64 எழுத்துகளில் ஓரிடத்தில் ஆங்கிலச் சிறிய பி எழுத்தை 6 என்று எழுதியிருந்ததால், அந்தப் பரிவர்த்தனையைத் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிழையைக் கண்டுபிடிக்கப் பத்து நாட்கள் ஆயின. அந்தப் பத்து நாட்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

கோப்பு தயாரானதும், நாணயம் வாங்கிய எக்ஸ்சேஞ்சுக்கும், பணம் போன வங்கிக்கும், சைபர் குற்றப் பிரிவுக்கும் அன்றே தெரிவியுங்கள். பிளாக்செயினில், அதாவது பரிவர்த்தனைகள் பதியும் பொதுப் பேரேட்டில், உறுதியான பரிவர்த்தனையை யாராலும் திருப்ப முடியாது என்பது உண்மை. ஆனால் யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனத்தால் குறிப்பிட்ட முகவரியில் கிடக்கும் நாணயத்தை முடக்க முடியும். பிட்காயினில் அப்படி முடக்க யாருமில்லை. அதுபோலவே, திருடிய நாணயத்தைப் பணமாக்க அவர்கள் ஒரு எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோனால், அங்கும் கணக்கை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. இவை பெரும்பாலும் காவல்துறை கேட்டால்தான் நடக்கும் என்பதால் புகார் எண்ணை விரைவாகப் பெறுவது மிக முக்கியம்.

மறுமொழி 2

வாலட்டை இணைத்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதை இன்றே கவனியுங்கள். இணைப்பைத் துண்டித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இணைக்கும்போது உங்கள் நாணயத்தை அவர்கள் எடுக்கலாம் என்ற அனுமதி எதற்காவது வாலட்டில் ஒப்புதல் (கையொப்பம்) தந்திருந்தால், துண்டித்த பின்னும் அந்த அனுமதி பிளாக்செயினில் அப்படியே இருக்கும்; பிறகு நீங்கள் வாலட்டில் போடும் டோக்கனையும் (யுஎஸ்டிடி போன்ற நாணயம்) அவர்களால் இழுத்துக்கொள்ள முடியும். பிளாக்செயின் பதிவுகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் போன்ற தளங்களில் உங்கள் முகவரிக்கு எந்தெந்த அனுமதிகள் உள்ளன என்று பார்த்து, சிறு கட்டணம் செலுத்தி அவற்றை ரத்து செய்யலாம்.

வாலட்டை மீட்டெடுக்க உதவும் ரகசியச் சொற்களான சீட் ஃபிரேஸை எங்காவது தட்டச்சு செய்திருந்தால் கதையே வேறு. அப்போது ரத்து செய்வதாலும் கடவுச்சொல்லை மாற்றுவதாலும் பயனில்லை. வேறொரு சுத்தமான கருவியில் புதிய வாலட் உருவாக்கி, மீதமிருப்பதை அங்கே மாற்ற வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. திருடர்கள் வைத்திருக்கும் தானியங்கி நிரல், நீங்கள் பரிவர்த்தனைக் கட்டணத்துக்காக அந்த வாலட்டுக்கு அனுப்பும் சிறு தொகையையும் வந்த வேகத்தில் துடைத்துவிடும். எனவே அந்தப் பழைய வாலட்டில் புதிதாக எதையும் போடாதீர்கள். அந்தச் செயலியையும், உங்கள் கருவியை வெளியிலிருந்து இயக்க அவர் சொல்லி நிறுவிய தொலைநிலைச் செயலி ஏதேனும் இருந்தால் அதையும், ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு நீக்கிவிடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. சீட் ஃபிரேஸை எங்கும் கொடுக்கவில்லை. அந்த மீட்பு நபரைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். நான் எவ்வளவு இழந்தேன் என்பதுகூட அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

மறுமொழி 3

சரியாகத் தெரிந்திருப்பதே அவரை நம்பக்கூடாது என்பதற்குக் காரணம். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறும். பல நேரங்களில் அதே கும்பல்தான் வேறு பெயரில் வரும். முன்பணம், சீட் ஃபிரேஸ், திரைப் பகிர்வு ஆகிய மூன்றில் எதைக் கேட்டாலும் அவர் திருடர்தான்.

மீட்பே நடக்காது என்று நான் சொல்லவில்லை. 2021இல் அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கலோனியல் பைப்லைன், கணினிகளை முடக்கியவர்களின் மிரட்டலுக்குப் பணிந்து கொடுத்த 75 பிட்காயினில் 63.7 பிட்காயினை அமெரிக்க அரசு ஒரு மாதத்துக்குள் கைப்பற்றியது. பிட்ஃபினெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சில் 2016இல் திருடுபோனவற்றில் 94,000க்கும் மேற்பட்ட பிட்காயின் 2022இல்தான் சிக்கியது. இரண்டிலும் சாதித்தது, அந்த முகவரிகளிலிருந்து நாணயத்தை அனுப்பத் தேவையான ரகசியக் குறியீடான தனிச் சாவி புலனாய்வாளர்களின் கைக்கு வந்ததுதான். தனியாருக்கு அப்படிப்பட்ட அதிகாரம் கிடையாது. ஆண்டுகள் கழித்தும் வழக்கு உயிர்பெறலாம் என்பதால் உங்கள் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

வீட்டில் இன்றே சொல்லுங்கள். அடுத்த அழைப்பு வரும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தால் நீங்கள் மீண்டும் பணம் அனுப்ப மாட்டீர்கள்.

கேட்டவர்

உரையாடலை ஏற்றுமதி செய்துவிட்டேன். அனுமதிகளைப் பார்த்தபோது எனக்குத் தெரியாமலே வரம்பற்ற அனுமதி ஒன்று இருந்தது, ரத்து செய்தேன். மீட்பு நபரின் செய்திகளையும் சேமித்து, அவரைத் தடுத்துவிட்டேன். மனைவியிடம் சொன்னேன், நாளை காலை புகார் கொடுக்க இருவரும் சேர்ந்து போகிறோம்.