பெரியப்பா வீட்டு இணையமும் மூன்று பிங்கும்

பெரியப்பா: இணையம் அடிக்கடி நின்றுபோகிறது என்று முறையிட்டால், கோளாறு எங்கள் வைஃபையில்தான் என்று நிறுவனத்தார் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுகிறார்கள். எப்போது நின்றது, எப்போது திரும்ப வந்தது என்று எழுத்தில் காட்ட வழி உண்டா, முரளி?

முரளி: உண்டு, பெரியப்பா. உங்களிடம் சும்மா இருக்கும் லினக்ஸ் லேப்டாப்பே போதும். பிங் என்ற கட்டளை ஒரு முகவரிக்குச் சிறு தரவுப் பொட்டலம் அனுப்பி, பதில் வந்தால் 0 என்றும், எந்தப் பதிலும் வராவிட்டால் 1 என்றும் முடிவு எண் தரும். மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய அந்தச் சிறு நிரலை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அதை ஒரு ஸ்கிரிப்டில் வைத்து, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் என்ற லினக்ஸ் வசதி மூலம் நிமிடத்துக்கு ஒரு முறை தானாக ஓடவிடலாம்.

கவிதா அக்கா: கூகுளுக்கு ஒரு பிங் அனுப்பினால் போதாதா?

முரளி: நின்றது தெரியும் அக்கா, எங்கே நின்றது என்று தெரியாது. ஆகவே முதலில் வீட்டு ரௌட்டரான 192.168.1.1, அடுத்து வெளியே கூகுளின் 8.8.8.8 என்ற முகவரி, கடைசியாக ஏதேனும் ஒரு தளத்தின் பெயர் என்று மூன்றையும் வரிசையாகச் சோதிக்க வேண்டும். ரௌட்டரே பதில் தராவிட்டால் கோளாறு நம் வீட்டில். ரௌட்டர் பதில் தந்து 8.8.8.8 தராவிட்டால் பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம்; பெயர் மட்டும் தவறினால், தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். மீதுதான் என் சந்தேகம். லேப்டாப்பைக் கேபிளில் இணைத்துவிட்டால், வைஃபையைக் குறை சொல்ல அவர்களுக்கு இடமே இருக்காது. ஒரே பொட்டலம் வழியில் தொலைவது சாதாரணம் என்பதால் ஒவ்வொரு முறையும் மூன்று அனுப்புவது நல்லது.

சித்தப்பா: என்னுடையது விண்டோஸ். அதிலும் இப்படியே செய்யலாமா?

முரளி: கிரான் போலவே விண்டோஸில் இருக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் செய்யலாம் சித்தப்பா, ஆனால் அங்கே முடிவு எண்ணை நம்பாதீர்கள். சேருமிடத்தை அடைய முடியவில்லை என்ற செய்தி வந்தாலும், அதையும் ஒரு பதிலாகக் கொண்டு 0 தந்துவிடும் வழக்கம் அதற்கு உண்டு. பிங்கின் வெளியீட்டில், உண்மையான பதிலில் வரும் டி.டி.எல். (TTL) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று தேடிப் பார்ப்பதே பாதுகாப்பு.

கவிதா அக்கா: இணையம் நின்ற உடனே எனக்கு வாட்ஸ்அப் செய்தி வருமா?

முரளி: அந்தச் செய்தியும் நின்றுபோன அதே இணைப்பில்தானே வர வேண்டும், அக்கா! திரும்ப வந்த பிறகு, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை இல்லை என்று அனுப்பவைக்கலாம்.

பெரியப்பா: நிமிடத்துக்கு ஒரு வரி என்றால் நாளுக்கு 1,440 வரிகள் ஆகுமே, அதை யார் படிப்பது?

முரளி: முந்தைய நிலையை ஒரு கோப்பில் வைத்து, அது மாறும்போது மட்டும் தேதியும் நேரமும் எழுதச் சொல்கிறேன். மின்தடையில் ரௌட்டர் அணைந்தால் அதுவும் முதல் படியின் தோல்வியாகத்தான் பதிவாகும். அந்த நேரங்களை மட்டும் நீங்களே கழித்துவிடுங்கள்.

பெரியப்பா: எங்கள் ரௌட்டரின் அடியில் 192.168.0.1 என்று ஒட்டியிருக்கிறது.

முரளி: அப்படியானால் முதல் படியில் அதையே போடுகிறேன். ஸ்கிரிப்டை இரவு அனுப்புகிறேன், பெரியப்பா.