லோடு செல் ஆம்ப்ளிஃபயர்: எடையே வைக்காமல் 1.1 வோல்ட் வருவது ஏன்?

கேள்வி:
350 ஓம் லோடு செல் (எடையைச் சிறு வோல்டேஜாக மாற்றும் சென்சார்), கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 2 மில்லிவோல்ட். 5 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கு 10 மில்லிவோல்ட்தான். ஏடி620 (இரு இன்புட்டின் வித்தியாசத்தைப் பெருக்கும் ஐசி) போட்டிருக்கிறேன்: கெயினை, அதாவது பெருக்கத்தை, முடிவு செய்யும் ரெசிஸ்டர் ஆர்ஜி 120 ஓம் (கெயின் 413 வாக்கில்), ஒற்றை 5 வோல்ட் சப்ளை, ரெஃப் பின் (அவுட்புட்டின் பூஜ்யம் எங்கே என்று வைக்கும் கால்) கிரவுண்டில். எடை இல்லாமலே அவுட்புட் 1.1 வோல்ட். கால்வாசி எடை ஏற்றும்வரை அசைவதே இல்லை. ஐசி போலியா? பேசாமல் எல்எம்358 (சாதாரண ஆப்-ஆம்ப்) வைத்து நானே கட்டிவிடலாமா?

பதில் 1:
ஐசியைச் சந்தேகிக்க வேண்டாம். ஏடி620-இன் அவுட்புட் கிரவுண்டுக்கு மேல் 1.1 வோல்ட் வரைதான் இறங்கும். மேலே 3.8-இல் நின்றுவிடும். ±5 வோல்ட் கொடுத்து, முழு எடை 3.8-ஐத் தாண்டாதபடி கெயினைக் கொஞ்சம் குறையுங்கள், இல்லையென்றால் அதே வேலை செய்யும் ஐஎன்ஏ333 ஐசி. அது இரு பக்கமும் 50 மில்லிவோல்ட் நெருக்கம் வரை போகும். அதற்குக் கெயின் = 1 + (1,00,000 ÷ ஆர்ஜி); 249 ஓமுக்கு 402.6. ஆர்ஜி 25 பிபிஎம் (ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 25 பங்கு மாறும்) மெட்டல் ஃபிலிமாக இருக்கட்டும். கார்பன் போட்டால் வெயில் ஏற ஏற எடையும் மாறும்.

பலர் கவனிக்காத இடம் உள்ளே இருக்கும் முதல் இரண்டு ஆம்ப்கள். பிரிட்ஜின் (லோடு செல்லின் உள்ளே இருக்கும் நான்கு ரெசிஸ்டர் சுற்று) நடு வோல்டேஜ் 2.5, முழு எடையில் ஒரு ஆம்ப் 4.5-க்கு ஏறும், மற்றது 0.5-க்கு இறங்கும். உங்களுக்கு இடம் இருக்கிறது. நடு வோல்டேஜ் 1 வோல்ட்டாக இருந்தால் உள்ளே முட்டிக்கொள்ளும். வெளியே நம்பும்படியான தப்பு எண் வரும்.

பதில் 2:
ரெஃப் பின்னை 0.5 வோல்ட்டுக்கு உயர்த்துங்கள். பிரிட்ஜின் பூஜ்யம் மைனஸ் பக்கம் சாய்ந்தாலும் தெரியும். 90 கிலோ ஓம், 10 கிலோ ஓம் டிவைடரை (5 வோல்ட்டைப் பிரித்து 0.5 தரும் இரு ரெசிஸ்டர்) நேராகக் கொடுக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து தரும் 9 கிலோ ஓம் உள்ளே பொருத்தி வைத்த ரெசிஸ்டரோடு சேர்ந்து சிஎம்ஆர்ஆரைக் (இரு இன்புட்டிலும் பொதுவாக வரும் வோல்டேஜை ஒதுக்கும் திறன்) கெடுக்கும். நடுவில் எம்சிபி6002 ஆப்-ஆம்பைப் பஃபராக (வோல்டேஜை மாற்றாமல் தாங்கித் தரும் நிலை) போடுங்கள். பிரிட்ஜ், டிவைடர், ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் சிப்) ரெஃபரன்ஸ் மூன்றும் ஒரே 5 வோல்ட்டில் இருந்தால், அது ஆடினாலும் கணக்கு ஆடாது.

கேட்டவர்:
நன்றி. எல்எம்358?

பதில் 3:
கற்றுக்கொள்ளக் கட்டுங்கள், எடை பார்க்க வேண்டாம். அதன் ஆஃப்செட் (இன்புட்டில் தானாக இருக்கும் பிழை வோல்டேஜ்) 7 மில்லிவோல்ட் வரை போகலாம். உங்கள் சிக்னலே 10. வித்தியாசம் எடுக்கும் இரண்டாம் நிலையின் நான்கு ரெசிஸ்டரும் 1 சதவீதம் என்றால் மோசமான நிலையில் அந்த நிலையின் சிஎம்ஆர்ஆர் 34 டெசிபெல்தான், அதாவது 2.5 வோல்ட்டுக்கு அவுட்புட்டில் 50 மில்லிவோல்ட் பிழை. சோதிக்க: ஆர்ஜியைக் கழற்றி, ரெஃப்பை 2.5-இல் வைத்து, இரு இன்புட்டையும் சேர்த்துக் கட்டி 1-லிருந்து 3 வோல்ட்டுக்கு நகர்த்துங்கள். அவுட்புட் எவ்வளவு நகர்கிறதோ அதுதான் உங்கள் ரெசிஸ்டர்களின் லட்சணம்.

பதில் 2:
ஃபில்டரை விட்டுவிட்டோம். ஒவ்வொரு இன்புட்டிலும் 4.7 கிலோ ஓம், இரண்டுக்கும் நடுவே 1 மைக்ரோஃபாரட், கிரவுண்டுக்குத் தலா 0.1 மைக்ரோஃபாரட். கட்ஆஃப் (இதற்கு மேல் வரும் சத்தம் அடங்கும் எல்லை) 16 ஹெர்ட்ஸ் வரும். நடுக் கெப்பாசிட்டர் 10 மடங்கு பெரிதாக இருந்தால், அந்த 0.1 இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டாலும் பாதகமில்லை.