உடைஞ்ச கடைவாய்ப்பல்லுக்கு எந்த கிளாம்ப்?

சீனியர்ஸ், ஒரு உதவி. பெரம்பூர்ல சின்ன கிளினிக். கீழ் கடைவாய்ப்பல் ஒண்ணுக்கு ரூட் கெனால் பண்ணணும். நாக்குப் பக்கச் சுவர் ஈறு மட்டம் வரை உடைஞ்சிருக்கு. ரப்பர் டேம் (எச்சில் படாம பல்ல தனியா பிரிக்கிற ரப்பர் ஷீட்) மாட்டினா, அத பல்லுல பிடிச்சு வைக்கிற 7-ம் நம்பர் கிளாம்ப் வழுக்கி மேல வந்துடுது. நல்லவேளை, கிளாம்ப்புல ஃப்ளாஸ் நூல் கட்டியிருந்தேன், தொண்டைக்குள்ள போகலை.

14ஏ நம்பர் கிளாம்ப்போட நுனிங்க கீழ்நோக்கி இறங்கி ஈறுக்கு அடியில பிடிக்கும், சரி. ஆனா பல்லு சின்னது, அதே மாதிரி சின்ன சைஸ் 8ஏ சரியா வருமா? இல்ல, பின்பல்லுல கிளாம்ப் போட்டு ஸ்ப்ளிட் டேம் (ஷீட்டோட ஓட்டைகள ஒண்ணா வெட்டி, பல பல்லச் சேர்த்து மாட்டறது) பண்ணி, இடைவெளிய லிக்விட் டேம் (லைட் பட்டா இறுகற பிசின்) வச்சு அடைக்கறதா? முதல்ல காம்போசிட்ல (பல் நிற ஃபில்லிங்) சுவர் எழுப்பலாம்னா எச்சில் விடமாட்டேங்குது. கெனால கழுவற ஹைப்போகுளோரைட் கசிஞ்சா ஈறு வெந்துடும், அதான் பயம்.

காட்டன் ரோல் போதும்னு மட்டும் சொல்லாதீங்க! 8ஏ, செட்டா இல்லாம தனியா, சென்னையில எங்க கிடைக்கும்?