ஒற்றை இருக்கை பிட்ஸ்: முதல் பறப்புக்கு எப்படித் தயாரானீர்கள்?

வானில் குட்டிக்கரணம் போடும் சாகச விமானமான பிட்ஸ் எஸ்-1எஸ்-இல் ஒரே ஓர் இருக்கைதான். அதில் ஏறும் முதல் நாளே தனியாகத்தான் போயாக வேண்டும். “இப்போ இழு, இப்போ விடு” என்று சொல்லக் கூட ஆள் இருக்காது. குட்டிக்கரணங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. தரையிறக்கத்தை நினைத்துத்தான் தூக்கம் கெட்டது. இறக்கையின் முழு நீளமே 17 அடி சொச்சம்தான், அவ்வளவு சின்ன விமானம். ஆனால் வால் தரையில் இருக்கும்போது அதன் மூக்கு முன்னால் உள்ள எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

முதலில் இரட்டை இருக்கை எஸ்-2பி-யின் பின் இருக்கையில் பழகினேன். முன்னால் பயிற்றுநரின் தலையும் சேர்ந்து மறைக்கும். அதுவே நல்ல பயிற்சி. இருந்தாலும் உண்மையில் கைகொடுத்தது அவர் சொன்ன இன்னொரு வேலை. அதிகாலையில் அனுமதி வாங்கி, எஸ்-1எஸ்-ஐ ஓடுபாதையின் நடுக்கோட்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூக்கின் இரு பக்கமும் ஓடுபாதை இரண்டு முக்கோணத் துண்டுகளாகத் தெரியும். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும் நொடியில் கண்ணுக்குத் தெரிய வேண்டியதும் அதே காட்சிதான். கண்ணை மூடினாலும் தெரியும் வரை பார்த்தேன். அடுத்த இரண்டு நாள் பறக்காமல் தரையிலேயே ஓட்டும் டாக்ஸி மட்டும், இடமும் வலமுமாக வளைந்து வளைந்து, முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே.

பறந்த அன்று, வளைவாகவே இறங்கி வந்து கடைசியில் நேராக்கினேன். தொட்டது அழகாகத்தான் தொட்டது. வேகம் குறைந்ததும் வேலை முடிந்ததென்று பெடலில் இருந்த கால் தளர்ந்துவிட்டது. மூக்கு லேசாக வலப்பக்கம் திரும்பியது. இந்த வகை விமானத்தில் எடையின் மையம் முன்னால் உள்ள இரண்டு முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. திரும்பத் தொடங்கினால் வால் முந்திக்கொண்டு வரப் பார்க்கும், திருப்பம் தானாகவே வளரும். மூக்கைத் திருப்ப வாலில் இருக்கும் ரடரின் இடது பெடலை முழுக்க மிதித்து, கொஞ்சம் பிரேக்கும் கொடுத்த பிறகு, ஓரத்துப் புல்லுக்குச் சில அடி முன்னால் நின்றது. விமானம் அசையாமல் நின்று எஞ்சின் அணையும் வரை கால் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும்.

—

நீங்கள் சொன்ன அந்தக் காட்சிப் பயிற்சியை நானும் செய்தேன், அப்படியே வழிமொழிகிறேன். ஆனால் ஸ்பின் (விமானம் தூக்குவிசை இழந்து சுழன்றபடி விழுவது) பயிற்சியைப் பயிற்றுநரோடு முடிக்காமல் ஒற்றை இருக்கையில் ஏறவே கூடாது. நேர் ஸ்பின் மட்டும் போதாது, தலைகீழ் ஸ்பினும் வேண்டும். தலைகீழாகச் சுழலும்போது உருளும் திசையும் மூக்கு திரும்பும் திசையும் எதிரெதிராக இருக்கும். நான் உருளலைப் பார்த்துத் தவறான பெடலை மிதித்தேன். சுழற்சி இன்னும் இறுகியது. “மூக்குக்கு நேரே தரையைப் பார்!” என்று பயிற்றுநர் கத்திய பிறகுதான் திசை புரிந்தது. எனக்கு இப்போது மனப்பாடமாக இருப்பது ஸ்பினிலிருந்து மீளும் பெக்ஸ்-முல்லர் முறை: எஞ்சின் பவரைக் குறை, கையிலுள்ள கட்டுப்பாட்டு ஸ்டிக்கை விட்டுவிடு, மூக்கு திரும்பும் திசைக்கு எதிர் ரடர் முழுக்க, சுழற்சி நின்றதும் ரடரை நடுவுக்குக் கொண்டுவந்து மெதுவாக மேலே இழு. பிட்ஸில் இது வேலை செய்கிறது. எல்லா விமானத்துக்கும் பொருந்தாது. உங்கள் விமானத்தின் கையேட்டைப் படியுங்கள்.

—

பாராசூட்டை யாரும் சொல்லவில்லையே. மாட்டிக்கொண்டால் மட்டும் போதாது, தரையிலேயே வெளியேறிப் பாருங்கள். முதலில் கேனபி (தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி), பிறகு இருக்கைப் பெல்ட், பிறகு வெளியே. முதல் ஒத்திகையில் என் கை பெல்ட்டுக்குப் பதிலாகப் பாராசூட்டின் கொக்கியைக் கழற்றிவிட்டது. பதற்றமே இல்லாத ஹேங்கருக்குள்ளேயே இப்படி! அன்றிலிருந்து ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் கண்ணை மூடிக்கொண்டு, கேனபிப் பிடியையும் பெல்ட் கொக்கியையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எஞ்சினைக் கிளப்புகிறேன்.