ஃபேமிலி கான்ஸ்டலேஷனுக்கு அறிவியல் விளக்கம் உண்டா?

உளவியல் படித்தவர்கள், சிகிச்சை அளிப்பவர்கள் யாராவது உதவுங்கள். ஜெர்மனியின் பெர்ட் ஹெல்லிங்கர் உருவாக்கிய ஃபேமிலி கான்ஸ்டலேஷன் அமர்வுக்கு என் அக்கா போய்வந்தார். குடும்பத்தாரின் இடத்தில் வேறு ஆட்களை நிற்கவைத்து, குடும்பச் சிக்கல்களைப் பார்க்கும் குழு அமர்வு இது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணை எங்கள் பாட்டியின் இடத்தில் நிற்கச் சொன்னார்களாம். பாட்டியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாமலே அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "நெஞ்சு பாரமாக இருக்கிறது, யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை" என்று அழுதிருக்கிறார். அக்கா ஆடிப்போய்விட்டார்.

இது எப்படி நடக்கிறது? பலரும் ரூபர்ட் ஷெல்ட்ரேக்கின் மார்ஃபிக் புலத்தை, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு புலத்தின் வழியே நினைவுகள் கடத்தப்படுகின்றன என்ற கருத்தை, காட்டுகிறார்கள். அறிவியல் உலகம் அதை ஏற்கவில்லை, எனக்கும் ஒப்பவில்லை. எபிஜெனிடிக்ஸையும் (மரபணு மாறாமலே அது செயல்படும் விதம் மாறுவது பற்றிய துறை) இழுக்கிறார்கள். 1944-45 டச்சுப் பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களின் டிஎன்ஏவில் பல பத்தாண்டுகள் கழித்தும் வேதிமாற்றம் தெரிந்தது உண்மைதான். ஆனால் அது அவரவர் உடம்பில் பதிந்தது. ரத்த சம்பந்தமே இல்லாதவருக்கு எங்கள் பாட்டியின் துக்கம் எப்படித் தெரியும்? அக்காவின் முகக்குறிப்பு, ஆட்களை நிறுத்திய இடைவெளி, எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தக்கூடிய சொற்கள், இவையே போதும் என்று எனக்குப் படுகிறது.

பலன் கிடைக்கிறதா என்பது வேறு கேள்வி. ஹைடல்பெர்கில் 208 பேரை வைத்து நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், கலந்துகொண்டவர்களின் மனநிலை மேம்பட்டிருந்தது. ஆனால் இன்னும் அமர்வில் கலந்துகொள்ளாமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களோடுதானே ஒப்பிட்டார்கள்? வேறொரு குழு சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வு இருக்கிறதா? பிரதிநிதியாக நிற்பவர் குடும்பத்தாரைப் பார்க்கவே முடியாதபடி வைத்து யாராவது சோதித்திருக்கிறார்களா?

அப்புறம், இதுதான் அவசரம்: அக்கா மனச்சோர்வு மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார். டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று அவர் மனம் நோகாமல் எப்படி எடுத்துச் சொல்வது?